எண்பத்தெட்டு ரன்னும் ஒரு சம்பந்தமும்

மாப்பிள்ளையை என் மகள் ஏற்கெனவே பார்த்துவிட்டாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. அதைத் தேடித்தான் ஈப்போவிலிருந்து கிளம்பி, அதுவரை பெயர்கூடக் கேட்டிராத கவரைப்பேட்டைக்குப் போனேன்.

பையன் பெயர் டில்லிபாபு. பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத்தில் வேலை பார்த்தவன். என் மகள் ஷர்மிளா அங்கே அலுவலகத்தில் இருக்கிறாள். ஒப்பந்தம் முடிந்ததும் அவன் ஊருக்குத் திரும்பி, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நிரந்தர வேலையில் சேர்ந்துவிட்டான். கல்யாணம் செய்துகொண்டு நானும் அங்கேயே போய்விடுகிறேன் என்றாள் இவள். என் கணவர் போன பிறகு வீட்டில் நான் ஒருத்திதான். ஷர்மிளா வாரம் முழுக்கப் பினாங்கில் தங்கி, சனிக்கிழமை சாயங்காலம் பேருந்தில் வருவாள். நான் நிலையத்தில் போய் நிற்பேன். என் வாரமே அதுதான். அதை அவளிடம் சொல்லவில்லை. "அவங்க வீடு எப்படியோ, ஆளுங்க எப்படியோ" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அப்போ நீயே போய்ப் பார்த்துட்டு வாம்மா" என்றாள்.

திங்கட்கிழமை வருவதாக அவர்களுக்குச் சொல்லியிருந்தது. நான் சனிக்கிழமையே சென்னையில் இறங்கிவிட்டேன். சொன்ன நாளில் போனால் துடைத்துவைத்த வீட்டைக் காட்டுவார்கள்; ஒரு நாள் முன்னால் போனால் உள்ளது உள்ளபடி தெரியும் என்பது என் எண்ணம். அந்த வாரம் ஈப்போவுக்கு வர வேண்டாம் என்று மட்டும் ஷர்மிளாவிடம் சொல்லியிருந்தேன்; ஒரு நாள் முன்னால் போகப்போவது அவளுக்கும் தெரியாது. டில்லிபாபுவின் முகம் எனக்கு வீடியோவில் பழக்கம். அவன் வீட்டார் யாரும் திரையில் வந்ததில்லை. வெட்கப்படுகிறார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை மின்சார ரயிலில் ஏறினேன். எங்கள் ஊர் ரயிலில் கைப்பேசியைப் பார்த்தபடி எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். இங்கே பொன்னேரிக்குப் போய்ச் சேருவதற்குள் எதிரில் இருந்த பெண்ணின் மூட்டுவலி, அவள் மருமகளின் சமையல், பூ விலை எல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பேச்சில்தான் தப்பு நடந்தது. கவரைப்பேட்டை வந்தபோது நான் எதிர்ப்பக்க வாசலில் பையோடு நின்றிருந்தேன். நடைமேடை மறுபக்கம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வருவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. கும்மிடிப்பூண்டியில் இறங்கினேன்.

பசி. நிலையத்துக்கு வெளியே ஒரு கடையில், "பசியாற என்ன இருக்கு?" என்று கேட்டேன். எங்கள் பக்கம் காலைச் சாப்பாட்டுக்கு அப்படித்தான் சொல்வோம். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எத்தனை நாள் பட்டினியோ என்று நினைத்திருக்க வேண்டும். "உக்காருமா மொதல்ல. நாஷ்டா ரெடியா கீது" என்று சொல்லி, நான்கு இட்லியும் வடகறியும் வைத்து, கேட்காமலேயே ஐந்தாவது இட்லியையும் போட்டார். வடகறி அவ்வளவு நன்றாக இருந்ததால் நானும் அவர் நினைப்பைத் திருத்தவில்லை.

அங்கிருந்து ஷேர் ஆட்டோ. அதில் எத்தனை பேர் ஏறினோம் என்று எண்ண முடியவில்லை. என் முழங்கை யார் மடியிலோ இருந்தது. டில்லிபாபுவின் கிராமமான அல்லிமேடு போக வேண்டும் என்றதும் ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

"அல்லிமேட்ல இன்னைக்கு யாரும் ஊட்ல இருக்க மாட்டாங்கம்மா. மேட்ச்சு. வருசத்துக்கு ஒரு தபா ஆலைக்காரங்களோட ஒன்டே ஆடுவாங்க. பூட்டுன ஊட்டு முன்னால நின்னு இன்னா பண்ணப் போறீங்க? கிரவுண்டாண்ட எறக்கி உட்டுர்றேன்."

இறக்கியும் விட்டார்.

ஏரியின் வற்றிய பக்கம்தான் மைதானம். நடுவில் தேங்காய்நார்ப் பாய் ஒன்றை ஆணியடித்து விரித்திருந்தார்கள். தூரத்தில் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகள். ஓரமாக ஒரே ஒரு புங்கமரம். அதன் நிழலில் ஊர் உட்கார்ந்திருந்தது. பச்சைத் துண்டு போட்ட ஒருவர் எழுந்து தன் பிளாஸ்டிக் நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

"எந்த ஊரும்மா?"

"வெளியூர்."

"பேச்சைப் பாத்தா சிலோன் மாரி கீதே."

கும்மிடிப்பூண்டிப் பக்கம் இலங்கையிலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர் இருப்பதை ரயிலில் கேள்விப்பட்டிருந்தேன். "ம்" என்றேன். அவருக்கு அது போதுமாக இருந்தது. கண் ஆட்டத்துக்குப் போய்விட்டது.

எனக்குக் கிரிக்கெட் தெரியாது. எங்கள் ஊரில் பூப்பந்தும் கால்பந்தும்தான். பூப்பந்து ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். இது சாயங்காலம்வரை நடக்கும் என்று சொன்னபோது விளையாட்டுக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். ஒரு பக்கத்துக்கு நாற்பது ஓவர். ஊர்க்காரர்கள் அடித்துக்கொண்டிருந்தார்கள். எழுபது ரன்னுக்குள் எட்டுப் பேர் போயிருந்தார்கள்; போனவர்கள் மைதானத்தின் அந்தக் கோடியில், ஸ்கோர் எழுதுகிறவரோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"ராத்திரி மழை பேஞ்சிருக்குதுமா. பாய்க்கு அடியில மண்ணு ஈரம்" என்று பச்சைத் துண்டுக்காரர் எனக்கு விளக்கினார். "பந்து குத்துன எடத்துல நின்னு நின்னு வருது. இதுல தூக்கி அடிக்கக் கூடாது. தட்டிட்டு ஒண்ணு ஒண்ணா ஓடிக்கினே இருக்கணும். இத நான் காலையில இருந்து கத்தினு கீறேன். கேப்டன்னு ஒருத்தன் கீறானே, அவன் இன்னா பண்ணான்? பதினோரு ரன்னுல வானத்தப் பாத்து அடிச்சிட்டு வந்துட்டான்."

"யார் கேப்டன்?"

"டில்லின்னு ஒருத்தன். உடம்பு வளந்துச்சு, மூளை வளரல."

எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம். வந்த காரியம் இவ்வளவு சீக்கிரம் கைகூடும் என்று நினைக்கவில்லை. நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திக்கொண்டேன்.

அவருக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவர் ரவணய்யா. ஆந்திர எல்லையோரத்து ஆள். எல்லோரையும் நைனா என்று கூப்பிடுவார். பச்சைத் துண்டுக்காரர் எதைச் சொன்னாலும் இவருக்கு நேர்மாறாக ஒன்று இருந்தது. "இந்தப் பிச்சுல நூறு அடிச்சாலே ஜாஸ்தி நைனா. அவங்களுக்கும் இதே பாய்தானே. எண்பது இருந்தாக்கூட போதும், மடக்கிரலாம்."

எண்பத்தெட்டில் முடிந்தது. எண்பத்தொன்பது அடித்தால் ஆலை அணிக்கு வெற்றி.

சாப்பாட்டு நேரத்தில் ஒரு பெண் தூக்குச்சட்டியும் தட்டுகளுமாக வந்தாள். கையிலும் முந்தானையிலும் சுண்ணாம்புத் தீற்றல். வந்ததும் பச்சைத் துண்டுக்காரரிடம்தான் பாய்ந்தாள்.

"டில்லி சாப்ட்டானா, பாத்தியா? பெத்த புள்ளைய நாலு பேர் முன்னால திட்டுறதுக்கு வாய் கீது. சாப்ட்டியாடான்னு கேக்குறதுக்கு மட்டும் வாய் வராது."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. காலையிலிருந்து டில்லிபாபுவைத் திட்டிக்கொண்டிருந்தவர் அவனுடைய அப்பா முனிரத்தினம். எதிரில் நிற்பவள் அம்மா கஸ்தூரி.

நான் யார் என்று அவள் கேட்கவில்லை. ஒரு தட்டில் சோறு போட்டு மடவை மீன் குழம்பை ஊற்றி என் கையில் கொடுத்தாள். பழவேற்காட்டு ஏரி மீனாம். அணியில் சுழல்பந்து போடும் ஏழுமலை கொண்டுவந்து கொடுத்ததாம். எங்கள் வீட்டில் மீன் குழம்புக்குத் தேங்காய்ப்பால் சேர்ப்போம். இது புளியும் மிளகாயுமாக மூக்கில் ஏறியது. இரண்டாவது முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

"நாளைக்கு எங்க ஊட்டுக்கு மலேசியால இருந்து சம்பந்தம் பேச வர்றாங்க" என்று அவளாகவே ஆரம்பித்தாள். "ஊடு கலீஜா கெடக்குது. அப்பனும் புள்ளையும் பாதி செவுரு வெள்ளையடிச்சிட்டு மேட்ச்சுன்னு ஓடியாந்துட்டாங்க. மீதிய நான் அடிச்சிக்கினு இருக்கேன். அந்தம்மா எப்பிடிப்பட்டவங்களோ. பெரிய எடமா இருந்தா நாமெல்லாம் அவங்க கண்ணுக்குத் தெரிவோமா?"

அப்போதே சொல்லியிருக்கலாம். வாயில் சோறு இருந்தது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

"அவங்களும் உங்களை மாதிரி பயந்துட்டுத்தான் இருப்பாங்க" என்றேன்.

"நல்ல வார்த்த சொன்னீங்க" என்று சொல்லி இன்னொரு துண்டு மீனை என் தட்டில் வைத்தாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஆலை அணி அடிக்க வந்தது. அவர்களுடைய ஆட்கள் மைதானத்தின் மறுபக்கம், ஒரு தார்ப்பாய் கட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒடிசா, பீகார் என்று வடக்கிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். காற்றில் தார்ப்பாய் பிய்த்துக்கொண்டு போனதும் ஒவ்வொருவராக நம் மரத்துக்கு வந்துசேர்ந்தார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. நகர்ந்து இடம் கொடுத்தார்கள். ஒரே மரம், வெயிலோ எல்லோருக்கும்.

டில்லிபாபு முதலில் வேகமாக வீசும் சரணிடம் பந்தைக் கொடுத்தான். முனிரத்தினம் தலையில் அடித்துக்கொண்டார். "ஈரத்துல வேகத்தப் போட்டு இன்னா பிரயோஜனம்? ஸ்பீடு இவன் குடுக்குறான், அவன் சும்மா பேட்டை வெக்கிறான், ஓடுது. ஏழுமலைக்குக் குடுத்துட்டு, ஆளுங்கள எல்லாம் கிட்டக்க நிறுத்தணும். ஒண்ணு ஓட உடாம கட்டிப் போட்டா அவனே பேஜாராயி தூக்கி அடிப்பான்."

கொஞ்ச நேரத்தில் அவர் சொன்னதுதான் நடந்தது. சரணின் பந்தில் ரன்கள் ஓடவும், டில்லிபாபு அவனை நிறுத்திவிட்டு ஏழுமலையைக் கூப்பிட்டான். பருத்த உடம்பு, பத்தடி நடந்து வந்து, யாருக்கோ காய்கறிப் பையைக் கொடுப்பது மாதிரி பந்தை விட்டார். அது பாயில் விழுந்து யோசித்துவிட்டுப் போனது. அடிக்க வந்தவர்கள் அதற்காகக் காத்திருந்து, பொறுமை இழந்து, தூக்கி அடித்து அவுட்டானார்கள். நானே நாற்காலி விளிம்புக்கு வந்துவிட்டேன்.

அப்புறம் ஒரு சிக்கல். ஒருவருக்கு எட்டு ஓவர்தான். ஏழுமலைக்கு இரண்டு ஓவர் மிச்சம். ஆலை அணியில் இரண்டு பேர் நிலைத்து நின்று ஒன்றொன்றாகச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அவர எடுத்து வெச்சுரணும். கடைசில வேணும்" என்றார் முனிரத்தினம்.

"கடைசி வரைக்கும் வெச்சிருந்தா அதுக்குள்ள மேட்ச்சே முடிஞ்சிரும் நைனா. இப்பவே போடணும்" என்றார் ரவணய்யா.

பக்கத்தில் இருந்த ஒடிசாக்காரர் இந்தியில் ஏதோ சொன்னார். பிஜய் என்று பெயர். ஆலையில் கிரேன் ஓட்டுகிறவர். ரவணய்யா மொழிபெயர்த்தார். "இப்பவே போடச் சொல்றான். அந்த ரெண்டு பேரும் அவன் ரூம்மேட்டாம். சுத்துற பாலுன்னா ரெண்டு பேருக்கும் கண்ணு தெரியாதாம்."

"அவன் எதுக்கு நமக்கு சொல்லிக் குடுக்குறான்?" என்றார் முனிரத்தினம் சந்தேகத்தோடு.

ரவணய்யா கேட்டுச் சொன்னார். "மேட்ச்சு சீக்கிரம் ஒரு பக்கமா முடிஞ்சிட்டா அப்பால திரும்ப ரூமுக்குத்தானே போவணும்னு சொல்றான். சாயங்காலம் வரைக்கும் இழுக்கட்டுமாம்."

 முனிரத்தினம் தன் மடியிலிருந்த வேர்க்கடலைப் பொட்டலத்தை அவர் பக்கம் நீட்டினார்.

டில்லிபாபு அப்போதே ஏழுமலையிடம் பந்தைக் கொடுத்துவிட்டான். "போச்சு" என்றார் முனிரத்தினம். ஆனால் அந்த இரண்டு ஓவரில் இரண்டு பேரும் அவுட். ஆலை அணி எழுபத்து நான்குக்கு எட்டு. முனிரத்தினம் சிரிக்கவில்லை. "இப்போ சரி. கடைசிக்கு இன்னா பண்ணப் போறான்?" என்றார். கேட்கும்போது குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அதற்கப்புறம்தான் அது நடந்தது.

டில்லிபாபு எல்லைக்கோட்டுக்கு வந்து எங்கள் மரத்துக்கு முன்னால் நின்றான். இருபதடி தூரம். திரையில் பார்த்ததைவிட ஒல்லி. முதுகு எங்கள் பக்கம். பந்து அடிக்கப்பட்டு நேராக அவனை நோக்கி உருண்டு வந்தது, வேகமே இல்லை. அந்த நேரம் பார்த்து ரவணய்யா என்னிடம், "சிலோன் அம்மா, கொஞ்சம் தண்ணி பாட்டில குடுங்க" என்றார். "இந்தாங்க" என்றேன். அவ்வளவுதான். என் குரல் அவனுக்குப் பழக்கம். திரும்பினான். என்னைப் பார்த்தான்.  பந்து அவன் காலுக்குப் பக்கத்தில் உருண்டு கோட்டைத் தாண்டி, என் செருப்பில் வந்து முட்டி நின்றது.

நான்கு ரன்.

மரத்தடி முழுக்கக் கத்தியது. முனிரத்தினம் எழுந்தே நின்றுவிட்டார். "நேரா வந்த பாலுடா. கொழந்த புடிக்கும். கண்ண எங்கடா வெச்சினு இருந்த?"

நான் குனிந்து பந்தை எடுத்தேன். அவன் வந்து வாங்கிக்கொண்டான். நான் லேசாகத் தலையாட்டினேன்; சொல்லாதே என்றா, மன்னித்துக்கொள் என்றா, எனக்கே தெரியவில்லை. அவன் திரும்பி ஓடினான்.

அதன் பிறகு எனக்கு ஆட்டம் பார்க்க முடியவில்லை. பார்க்காமலும் இருக்க முடியவில்லை. ஒன்பதாவது ஆள் அவுட்டானபோது அவர்களுக்கு இன்னும் ஐந்து ரன் வேண்டும். ஏழுமலைக்கு ஓவர் முடிந்துவிட்டது. பந்து சரண் கைக்குப் போனது. ஒரு ரன் ஓடினார்கள். அடுத்த பந்து மட்டையின் விளிம்பில் பட்டு, விக்கெட் கீப்பருக்குப் பக்கவாட்டில், ஆளே இல்லாத இடத்தில் உருண்டு எல்லைக்கோட்டைத் தாண்டியது. ஆலை அணி ஜெயித்துவிட்டது. நம்மோடு உட்கார்ந்திருந்த வடக்கத்தி ஆட்கள் குதித்து ஓடினார்கள். பிஜய் மட்டும் போவதற்கு முன்னால் முனிரத்தினத்தின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

அணி மரத்தடிக்குத் திரும்பியது. டில்லிபாபு குனிந்து காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஊர் அவனைச் சுற்றிக்கொண்டது.

"ஏழுமலைய கடைசிக்கு வெச்சிருந்தா இது நடந்திருக்குமாடா?"

"அத்த உடு. அந்த நாலு ரன்னு? சும்மா உருண்டு வந்த பாலு. அது இல்லேன்னா நாம ஜெயிச்சிருப்போம்."

"இன்னாடா பாத்துக்கினு இருந்த?"

டில்லிபாபு நிமிரவில்லை. "மிஸ்ஸாயிடிச்சுண்ணா" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

அப்போது முனிரத்தினம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். இன்றைக்கு இவனுக்கு அடிதான் என்று நினைத்தேன்.

"இன்னா ஆளாளுக்குப் பேசிக்கினு கீறீங்க?" என்றார். "ஏழுமலைய நடுவுலயே முடிச்சுரச் சொன்னதே நான்தான். காலையிலயே சொல்லிட்டேன் அவனாண்ட. அப்பால அந்த நாலு ரன்னு. நான் இங்கதானே உக்காந்துனு இருந்தேன். கல்லு ஒண்ணு பட்டு எகிறிச்சு. என் கண்ணால பாத்தேன். எவனா இருந்தாலும் புடிச்சிருக்க முடியாது."

ரவணய்யா அவரை வாய் பிளந்து பார்த்தார். நாள் முழுக்க அந்த மனிதர் சொன்னதையெல்லாம் கேட்டவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். ரவணய்யா வாயை மூடிக்கொண்டு, "ஆமா நைனா, கல்லுதான்" என்றார்.

என்னால் மூடிக்கொள்ள முடியவில்லை.

"கல் இல்லைங்க" என்றேன். எல்லோரும் திரும்பினார்கள். "தம்பி என்னைப் பார்த்துட்டார். அதனாலதான் பந்தை விட்டார். நான் சிலோன் இல்லை. மலேசியா. ஷர்மிளாவோட அம்மா."

  கஸ்தூரி சுண்ணாம்புக் கையை முந்தானைக்குள் மறைத்தாள். முனிரத்தினம் என்னைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், துண்டை எடுத்துத் தோளிலிருந்து இறக்கினார்.

ரவணய்யாதான் முதலில் பேசினார். "சம்பந்தியம்மா வந்தவொடனே நாலு ரன்னு சீர் செஞ்சுட்டாங்க. அதுவும் எதிர் டீமுக்கு."

ஏழுமலை சிரித்தார். அவர் வயிறு குலுங்கியதைப் பார்த்து மற்றவர்களும் சிரித்தார்கள். டில்லிபாபு சிரிக்காமல் வந்து என் பையைத் தூக்கிக்கொண்டான்.

வீட்டுக்கு நடந்து போகும்போது கேட்டேன். "என்னாலதான்னு சொல்லியிருக்கலாமே?"

"நீங்க யாருன்னு சொல்லாம உக்காந்திருந்தீங்க. நான் எப்பிடிம்மா காட்டிக் குடுப்பேன்?"

"கோபமா?"

"நாலு ரன்னுக்கு யாராவது கோச்சுக்குவாங்களா?" என்றான். பத்தடி போன பிறகு, "கொஞ்சம் கோவம்தான்" என்றான். அதற்கப்புறம்தான் எனக்கு அவனிடம் இயல்பாகப் பேச வந்தது.

வீட்டில் ஒரு சுவர் வெள்ளை, ஒரு சுவர் பழைய நீலம். கூடத்தில் நெல் மூட்டைகள். கட்டில் மேல் துவைத்த துணி மலை. கஸ்தூரி எதை எங்கே மறைப்பது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தாள். நான் துணியை மடிக்க உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அவளும் வந்து எதிரில் உட்கார்ந்தாள். அன்றைக்கு நாங்கள் பேசியது போர்வையை இரண்டு முனையிலும் பிடித்து மடிப்பதைப் பற்றித்தான்.

திங்கட்கிழமை காலை முனிரத்தினம் தானே டீ கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்துவிட்டுப் போகாமல் வாசல்படியில் நின்றார்.

"நேத்து நான் அவனப் பத்தி இன்னா இன்னாவோ பேசிட்டேன். மூளை இல்லன்னு சொன்னேன். அதெல்லாம் ஆட்டத்துக்குச் சொல்றதும்மா. ஊட்டு விசயத்துல அவன் அப்பிடி இல்ல. நான் பேசுனத வெச்சு நீங்க வேணாம்னு..."  அந்த மனிதர் தூங்கவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"நீங்க திட்டினதைக் கேட்டேன்" என்றேன். "கடைசியில் தம்பிக்காகப் பொய் சொன்னீங்களே, அதையும் பக்கத்தில் இருந்துதான் கேட்டேன். எனக்கு அது போதும்."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "டீ ஆறிடப் போவுது" என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விட்டார்.

அன்று கஸ்தூரி என்னைப் பெரியபாளையத்துக்குக் கூட்டிப்போனாள். பேருந்தில் நின்றபடியே பயணம். பவானி அம்மன் கோயிலில் கூட்டம். வேப்பிலைச் சேலை கட்டிய பெண்கள் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்துக் கோயில்களில் கார் நிறுத்த இடம் கிடைத்தால்தான் பக்தி. இங்கே ஆட்டுக்குட்டிகளும் மாவிளக்கும் பொரிக்கடையும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. கும்பிட்டுவிட்டு வெளியே வந்து, நிழலில் உட்கார்ந்து பொரியைப் பிரித்தோம்.

"ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே?" என்றாள் கஸ்தூரி. "உங்க பொண்ணு இங்க வந்துட்டா நீங்க அங்க தனியா இன்னா பண்ணுவீங்க?"

இத்தனை மாதத்தில் இதை யாரும் கேட்கவில்லை. என் அக்கா, தங்கை, பக்கத்து வீட்டு அம்மா, எல்லோரும் மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கேட்டார்கள். ஷர்மிளா, பாவம், கேட்கப் பயந்தாள்.  கண் நிறைந்துவிட்டது.

"தெரியலம்மா" என்றேன்.

"அவன் ரெண்டு வருசம் உங்க ஊர்ல இருந்தப்ப நான் ராவெல்லாம் போனையே பாத்துக்கினு கெடப்பேன்" என்றாள் அவள். "பழகிரும்னு எல்லாரும் சொன்னாங்க. பழகவே இல்ல. அத்தொட்டுதான் கேக்குறேன். வேணும்னா அவனைத் திரும்ப உங்க ஊருக்கே அனுப்பிர்றேன். நீங்க வெச்சுக்கங்க."

சொல்லிவிட்டு அவளே அழ ஆரம்பித்தாள். கோயில் வாசலில் இரண்டு பொம்பளைகள் பொரிப் பொட்டலத்தை நடுவில் வைத்துக்கொண்டு அழுவதை யாரும் விசித்திரமாகப் பார்க்கவில்லை. அம்மனிடம் வருகிறவர்கள் அழுவது அங்கே வழக்கம் போலிருக்கிறது.

சாயங்காலம் அவர்கள் வீட்டிலிருந்தே ஷர்மிளாவை வீடியோவில் கூப்பிட்டேன். நான் ஒரு நாள் முன்னால் வந்ததை டில்லிபாபு இன்னும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. முழுக் கதையையும் நானே சொன்னேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"வீடு எப்படிம்மா இருக்கு?"

"பாதி வெள்ளை, பாதி நீலம்."

"அம்மா, விளையாடாதே."

"கல்யாணச் சேலை இங்கேயே எடுத்துடலாம்டி. உங்க அத்தைக்கு நல்லாப் பார்த்து வாங்கத் தெரியும்" என்றேன். திரையில் அவள் முகம் கொஞ்ச நேரம் அசையவே இல்லை. இணைப்புதான் நின்றுவிட்டது என்று நினைத்தேன். பிறகு அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

மறுநாள் கவரைப்பேட்டை நிலையத்துக்கு எல்லோரும் வந்தார்கள். ரவணய்யாகூட. முனிரத்தினமும் அவரும் நடைமேடையில் நின்றபடி, கடைசி ஓவரில் அந்த ஆளில்லாத இடத்தில் ஒருவரை நிறுத்தியிருக்க வேண்டுமா வேண்டாமா என்று வழக்காடிக்கொண்டிருந்தார்கள். டில்லிபாபு என்னைச் சரியான பக்கத்து வாசலில் ஏற்றிவிட்டு, பையை ஜன்னல் ஓரமாக வைத்தான்.

கோலாலம்பூரில் இறங்கி, பேருந்து பிடித்து ஈப்போவுக்கு வந்து சேரும்போது சாயங்காலம். மழை தூறிக்கொண்டிருந்தது. ஷர்மிளா பினாங்கில் வேலையில் இருப்பாள். வீட்டுச் சந்து முனையில் நடந்துகொண்டிருக்கும்போது கைப்பேசி அடித்தது. கஸ்தூரி.

"போய்ச் சேந்துட்டீங்களா? சாப்டீங்களா?"

"இல்ல. இப்பதான் வீட்டுக்கிட்ட வந்தேன். உள்ளே போய்க் கூப்பிடறேன்."

"போனை வெக்காதீங்க" என்றாள். "ஆளில்லாத ஊட்டுக்குள்ள போறது எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியும். வெளக்கப் போடுற வரைக்கும் நான் லைன்லயே கீறேன்."

பூட்டைத் திறந்தேன். நான்கு நாள் அடைத்துக் கிடந்த வாசனை. இருட்டில் கையால் சுவரைத் தடவிப் போனேன். காதில் அவர்கள் வீட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது; எங்கோ தண்ணீர் விழும் ஓசை, முனிரத்தினம் யாரையோ திட்டுவது, தட்டு வைக்கும் சத்தம்.

"போட்டாச்சா?" என்றாள் கஸ்தூரி.

"போட்டாச்சு" என்றேன். ஆனால் அவளும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. கைப்பேசியை மேசை மேல் சாய்த்து வைத்துவிட்டு உலையில் அரிசியைப் போட்டேன்.